கொற்கைப் பெருமையும் ஒரு முத்துச் சரமும்

சென்ற ஆண்டு நம் சங்கத்தின் பொங்கல் விழாவில் கொற்கை முத்தின் புகழைப் பற்றிக் கால் மணி நேரம் முழங்கியவன் நான் என்பது உங்களில் சிலருக்கு நினைவிருக்கலாம். பாண்டியரின் துறைமுகம், சங்கப் பாடல்கள், கிரேக்க மொழியில் எழுதப்பட்ட 'பெரிப்ளூஸ்' என்னும் கடல்வழிக் குறிப்பு என்று ஒன்றையும் நான் விடவில்லை. கைதட்டலும் பலமாகவே இருந்தது. இரண்டு மாதம் கழித்து, சார்மினாருக்கு அருகில் ஒரு பழைய நகைக் கடையில், என் பேச்சுக்கும் என் அறிவுக்கும் எவ்வளவு தூரம் என்பது எனக்குத் தெரிந்துபோயிற்று. அந்த வெட்கக் கதையை இங்கே சொல்லிவிடுகிறேன். எனக்கு மனப்பாரம் குறையும், உங்களுக்கும் பயன்படக்கூடும்.

நான் தூத்துக்குடிக்காரன். விழா முடிந்த மறுநாளே விடுதியில் எனக்கு 'முத்து நிபுணர்' என்ற பட்டம் கிடைத்துவிட்டது. உண்மையில் நான் ஒரு முத்துச் சிப்பியைக் கூடக் கண்ணால் கண்டதில்லை. எங்கள் கடலில் முத்துக்குளிப்பு கடைசியாக நடந்தது 1961-ஆம் ஆண்டில். அப்போது சிறுவராக இருந்த என் தாத்தா, கரையில் குவித்து அழுகவிட்ட சிப்பிகளின் நாற்றத்தைப் பற்றித்தான் சொல்வாரே தவிர, முத்தைப் பற்றி அதிகம் சொன்னதில்லை. ஆயினும் வந்த பட்டத்தை வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

என் அறை நண்பர் தஞ்சாவூர்க்காரர். வைகாசியில் அவருடைய தங்கைக்குத் திருமணம். ஆராய்ச்சி உதவித்தொகையில் மிச்சம் பிடித்து இருபத்தையாயிரம் ரூபாய் சேர்த்து வைத்திருந்தார். "ஐதராபாத்தில் இருந்துகொண்டு தங்கைக்கு முத்து வாங்காமல் போவதா? அதுவும் நீ கூட இருக்கும்போது!" என்றார். ஒரு ஞாயிற்றுக்கிழமை இருவரும் புறப்பட்டோம்.

ஐதராபாத்துக்குக் கடல் இல்லை. ஆனால் நிஜாம்களின் காலத்தில் பாரசீக வளைகுடா முத்துக்கள் இங்கே வந்து குவிந்தன. அவற்றைத் துளையிடுவதிலும் தரம் பிரிப்பதிலும் இவ்வூர்த் தொழிலாளர்கள் பெயர் பெற்றார்கள். அந்த முத்துக்களைத்தான் இங்கே 'பஸ்ரா' என்கிறார்கள். இன்று கடைகளில் தொங்குபவற்றில் பெரும்பாலானவை சீனத்து நன்னீர்க் குளங்களில் வளர்த்த முத்துக்கள்.

பழைய நகைக் கடைக்காரர் எங்களை அமர வைத்துத் தேநீர் கொடுத்தார். பிறகு ஒரு சிவப்புத் துணியை அவிழ்த்து, நூல் பழுப்பேறிய ஒரு சரத்தை எடுத்து வைத்தார். "நவாப் குடும்பத்துப் பொருள், சாப். அசல் பஸ்ரா" என்றார்.

நான் முதல் நாளிரவே சில சோதனைகளைப் படித்து வைத்திருந்தேன். போலி முத்து என்பது கண்ணாடி மணி அல்லது பிளாஸ்டிக் மணியின் மேல் பளபளக்கும் பூச்சைப் பூசியது. துளையின் ஓரத்தைப் பார்த்தால் அந்தப் பூச்சு சுவர்ச் சுண்ணாம்பு போலப் பெயர்ந்திருக்கும். பிளாஸ்டிக் என்றால் கையில் கனமே இராது. மணிக்கு மணி இம்மியும் வேறுபாடின்றி அச்சில் வார்த்ததுபோல் இருந்தாலும் ஐயப்பட வேண்டும். எல்லாவற்றிலும் எளியது பல் சோதனை: முன்பல்லின் நுனியில் மெல்ல உரசினால் போலி வழுக்கும், முத்து நறநறக்கும். சிப்பி படலம் படலமாக ஊறவைத்த பொருளாதலால் அதன் மேற்பரப்பில் கண்ணுக்குத் தெரியாத படிகள் உண்டு. அந்தப் படிகள்தான் பல்லில் உறுத்துகின்றன.

நான் சரத்தை வாங்கி, மிகுந்த தோரணையுடன் பல்லில் உரசினேன். நறநறவென்றது! நண்பரைப் பார்த்துத் தலையசைத்தேன். கடைக்காரரும் புன்னகையோடு தலையசைத்தார். முப்பதாயிரத்தில் தொடங்கிய பேரம் இருபத்து நாலாயிரத்தில் முடிந்தது. நாலாயிரம் முன்பணம் கொடுத்தோம். மீதியை மறுநாள் தருவதாக ஏற்பாடு. திரும்பும் வழியெல்லாம் நான் கொற்கையைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தேன்.

அன்றிரவு உணவுக் கூடத்தில் இதைக் கேட்ட நிலவியல் துறை அண்ணன் ஒருவர் சிரிக்கவில்லை. "தம்பி, பல் பொய் சொல்லாது. ஆனால் நீ அதனிடம் கேட்டது ஒரு கேள்வி, எடுத்துக்கொண்டது வேறொன்றுக்கு விடை. இது சிப்பியில் விளைந்ததா என்றுதான் பல் சொல்லும். தானாக விளைந்ததா, மனிதன் வளர்த்ததா என்று அதற்குத் தெரியாது. வளர்ப்பு முத்தும் நறநறக்கத்தானே செய்யும்?" என்றார். எனக்குச் சோறு இறங்கவில்லை. பஸ்ராவின் விலை வேறு, வளர்ப்பு முத்தின் விலை வேறு. நண்பரின் முகத்தைப் பார்க்க எனக்குத் துணிவில்லை.

மறுநாள் அண்ணன் பத்து மடங்கு பெரிதாக்கும் தம் உருப்பெருக்கிக் கண்ணாடியோடு எங்களுடன் வந்தார். சரத்தை வெளிச்சத்தில் பிடித்து எங்களுக்கும் காட்டினார். சில முத்துக்களின் உடலைச் சுற்றி மோதிரம் போல வரிகள் ஓடின. நன்னீர் வளர்ப்பு முத்துக்களில் அவற்றை அடிக்கடி காணலாமாம். இயற்கை முத்தை எடை போட்டு விற்பதால், எடை குறையாதபடி ஊசித் துளையாக இடுவது வழக்கம். இவற்றின் துளைகளோ அகலமானவை. தலைமுறை கண்ட சரமென்றால் முத்தோடு முத்து உரசித் துளையின் வாய் தேய்ந்திருக்க வேண்டும். இங்கே அது புதுக்கருக்கு அழியாமல் இருந்தது. அண்ணன் மெல்லச் சொன்னார்: "நூல்தான் பழையது, முத்து புதியது."

பிறகு கடைக்காரரிடம், "இதெல்லாம் ஐயம்தான், முடிவல்ல. நன்னீர் முத்தில் பெரும்பாலும் உள்ளே மணி வைப்பதில்லை, சதைத் துணுக்குத்தான் வைப்பார்கள். ஆகையால் உட்புறம் பார்த்து உறுதி சொல்ல எக்ஸ்ரே வேண்டும். பஸ்ரா என்றால் ஆய்வுக்கூடச் சான்றிதழ் கொடுங்கள், மீதிப் பணம் இப்போதே தருகிறோம்" என்றார்.

கடைக்காரர் சிறிது நேரம் பேசவில்லை. "என்னிடம் விற்றவர் பஸ்ரா என்றார், நானும் சொன்னேன்" என்றார் கடைசியில். முன்பணம் திரும்பாது என்பதில் மட்டும் உறுதியாக இருந்தார். நெடுநேர வாதத்துக்குப் பின், அந்த நாலாயிரத்துக்கு ஈடாக இரண்டு சரம் புது முத்து எடுத்துக்கொண்டோம். 'நன்னீர் வளர்ப்பு முத்து' என்று பில்லில் எழுதித் தரச் சொல்லி வாங்கிவந்தோம்.

அந்த நாலாயிரத்தில் பாதியை நான் தருகிறேன் என்றேன். நண்பர் மறுத்துவிட்டார். "தெரியாது என்று நேற்றே சொல்லியிருந்தால் போதுமே" என்றார். அவர் கோபித்துக்கொண்டிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

வைகாசியில் திருமணப் படம் வந்தது. மணப்பெண்ணின் கழுத்தில் அந்த இரண்டு சரமும் அழகாகவே இருந்தன. வளர்ப்பு முத்து போலி முத்தல்ல. அதுவும் ஓர் உயிர் தந்த பொருள்தான். அதைப் பஸ்ரா என்று சொல்லி விற்றதுதான் போலி. முத்து நகரில் பிறந்ததால் முத்து தெரியும் என்று நான் நடித்ததும் அதே இனத்தைச் சேர்ந்ததுதான் என்று இப்போது எண்ணுகிறேன்.

நண்பர்களே, வெளியூரில் இருக்கும் நமக்கு முன்னோர் பெருமை இனிக்கத்தான் செய்யும். அடுத்த பொங்கலுக்கும் நான் கொற்கையைப் பற்றிப் பேசுவேன். ஆனால் யாரேனும் ஒரு சரத்தைக் கொண்டுவந்து காட்டினால், "எனக்குத் தெரியாது, கண்ணாடியோடு அண்ணனைக் கூப்பிடுவோம்" என்றே சொல்வேன்.