பால் புத்தகத்தில் என் பெயர்

மழை, தக்காளி, மாடு என்று எழுதிக்கொண்டிருந்தவன் இந்த வாரம் ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். உற்பத்தியாளர்.

எங்க ஊர் பால் சொசைட்டியின் முழுப்பெயர் பால் உற்பத்தியாளர்கள் கூட்டுறவு சங்கம். காலையில அஞ்சரைக்கு நான்தான் கேனை வண்டியில மாட்டிக்கிட்டுப் போவேன். ஊற்றி, டிகிரி பார்த்து, கொழுப்பு பார்த்து சீட்டு கொடுப்பாங்க. உறுப்பினர் பெயர் என்று அந்தச் சீட்டில் என் பெயர் இருக்கும். பத்து நாளைக்கு ஒரு தரம் பணம் என் கணக்கில் ஏறும். அதாவது சங்கத்தின் கணக்குப்படி உற்பத்தியாளர் நான்.

உண்மையைச் சொல்றேன். எங்க மூணு மாட்டில் ஒண்ணைக்கூட நான் கறந்தது கிடையாது. இரண்டு தரம் முயற்சி பண்ணி ஒரு தரம் உதை வாங்கினேன், அத்தோட விட்டாச்சு. நாலரைக்கு எழுந்து சாணி அள்ளி, தவிடு கலக்கி, கன்றை விட்டு, மடி கழுவிக் கறக்கிறது என் வீட்டுக்காரம்மா. தட்டு வெட்டுறதுகூட பாதி நாள் அவங்கதான். நான் கேன் தூக்குறவன்.

இத்தனை வருஷம் இது எனக்கு உறைக்கலை. போன மாசம் காரிமங்கலத்துல உழவர் உற்பத்தியாளர் நிறுவனம் ஒன்றுக்கு ஆள் சேர்க்கிற கூட்டம். "புரொடியூசர் மீட்டிங் போறேன்"னு கிளம்பினேன். லீவுக்கு வந்திருந்த பேத்தி, "தாத்தா, எந்தப் படம்?"னு கேட்டா. அவளுக்குப் புரொடியூசர்னா சினிமாதான். அவ மேல தப்பில்லை. நமக்குத் தமிழில் இரண்டு வார்த்தை இருக்கு: படம் எடுத்தா தயாரிப்பாளர், பால் கறந்தா உற்பத்தியாளர். இங்கிலீஷில் இரண்டு பேருக்கும் ஒரே சட்டை.

எங்க அப்பா காலத்துல சினிமாக்காரரையும் தயாரிப்பாளர்னு சொன்னதில்லை, முதலாளின்னுதான் சொல்வாங்க. சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் டி.ஆர்.சுந்தரத்தை அப்படித்தான் அப்பா சொல்வார். அந்தக் கம்பெனியின் முதல் படம் 1937ல் வந்தது. அப்போ நாங்களும் சேலம் ஜில்லாதான். தருமபுரி தனி மாவட்டம் ஆனது 1965ல். அந்த உற்பத்தியாளர் பணம் போட்டார், அதனால படம் அவருது. என் வயலில் விதைக்கும் உரத்துக்கும் பணம் போடுறவனும் நான்தான், வேலை செய்யறவனும் நான்தான், ஆனா தக்காளிக்கு விலை சொல்றவன் நான் இல்லை. பாலக்கோடு மண்டிக்குக் கூடை இறக்கினா அங்கே எனக்குப் பேரே வேற. சீட்டில் "பார்ட்டி". வேளாண்மை ஆபீஸில் "பயனாளி". பேங்கில் "கடன்தாரர்". மேடையில் மட்டும் "விவசாயப் பெருங்குடி மக்களே".

கூட்டத்துக்கு வர்றேன். வந்திருந்த அதிகாரி நல்லா விளக்கினார். 2002ல் கம்பெனிச் சட்டத்தைத் திருத்தி உற்பத்தியாளர் கம்பெனின்னு ஒரு வகையைச் சேர்த்தாங்களாம். பத்துப் பேர் இருந்தா ஆரம்பிக்கலாம். எத்தனை பங்கு வைத்திருந்தாலும் ஒரு ஆளுக்கு ஒரு ஓட்டு. விவசாயம் மட்டும் இல்லை. ஆடு மாடு, மீன், தேன், கைத்தறி எல்லாம் அந்தச் சட்டத்துக்குள்ள வரும். அதைச் செய்யறவர் யாரோ அவர் உற்பத்தியாளர். 2020ல் மத்திய அரசு பத்தாயிரம் நிறுவனம் அமைக்க ஒரு திட்டமும் போட்டது.

எனக்குப் பிடிச்சிருந்தது. நிலம் இருக்கிறவன்னு சட்டம் சொல்லலை, செய்யறவன்னு சொல்லுது. ஆனா பதிவு பண்ற மேஜைக்குப் போனா முதல் கேள்வி, "சிட்டா கொண்டாந்தீங்களா?" எனக்கு இருக்கிறது இரண்டு ஏக்கர் இருபது சென்ட், என் பேரில் பட்டா. கொடுத்தேன். பக்கத்துல வீட்டுக்காரம்மாவும் நின்னாங்க. "இவங்களையும் சேர்த்துக்கலாமா?"ன்னு கேட்டேன். "நிலம் இருக்கா? இல்லேன்னா வீட்டுக்கு ஒருத்தர் போதுங்க"ன்னுட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார். படிவத்தில் குடும்ப விவரம்னு ஒரு கட்டம். அதில் அவங்க தொழிலுக்கு நேரா "இல்லத்தரசி"ன்னு எழுதினது அவர் இல்லைங்க. நான்தான் என் கையால எழுதினேன்.

திரும்பி வரும்போது பஸ்ல அவங்க ஒண்ணும் பேசலை. வீட்டுக்கு வந்து மாட்டுக்குத் தண்ணி காட்டிட்டு, "ஏங்க, அப்போ நான் யாரு?"ன்னு கேட்டாங்க. கோபமா கேட்கலை. அதான் எனக்குத் தூக்கம் வரலை.

ராத்திரி வார்த்தைகளை எண்ணிக்கிட்டுக் கிடந்தேன். விவசாயிங்கிறது வடமொழியில் முயற்சிங்கிற சொல்லில் இருந்து வந்தது. உற்பத்தின்னா பிறப்பு, தோன்றுறது. வேளாண்மைங்கிற சொல்லை வள்ளுவர் விருந்தோம்பல் அதிகாரத்தில் வைத்திருக்கார். அங்கே அதுக்குப் பொருள் உதவி, உபகாரம். இந்த மூணில் எதை எடுத்தாலும் நிலப்பட்டா இல்லை. கோவில்பட்டிப் பக்கம் கரிசல் காட்டில் விவசாயிக்குப் பேரு சம்சாரி. கி.ராஜநாராயணன் கதை படிச்சவங்களுக்குத் தெரியும். எங்க பக்கம் சம்சாரம்னா பெண்டாட்டி. எங்க வீட்டைப் பொறுத்தவரை இரண்டும் ஒரே ஆள்தான்.

பேத்தியோட அறிவியல் புத்தகத்துல வேற ஒண்ணு. அதில் உற்பத்தியாளர்னா பச்சைத் தாவரம். வெயிலை வாங்கித் தானே சாப்பாடு பண்ணிக்குது. அதைத் தின்கிற மாடு நுகர்வோர், நாமும் நுகர்வோர். "தாத்தா, நீ புரொடியூசர் இல்ல, கன்ஸ்யூமர்"னு சிரிச்சா. கம்பு நேப்பியர்தான் அசல் உற்பத்தியாளர், ஆனா அதுக்கு சிட்டா கிடையாது. சிரிச்சாலும், அந்தப் புத்தகம் நேர்மையா இருக்குன்னு பட்டது. யார் செய்யறாங்களோ அவங்க பேரு.

நகரத்துல இருக்கிற நீங்க பாக்கெட்டைக் கத்தரிச்சு காபி போடுறீங்க. அதில் உற்பத்தியாளர்களுக்கு லிட்டருக்கு இவ்வளவு உயர்த்தினோம்னு செய்தி வரும்போது, 2022 நவம்பரில் பசும்பாலுக்கு 32ல் இருந்து 35 ஆக்கினாங்களே அந்த மாதிரி, அந்த மூணு ரூபாயும் பெரும்பாலும் ஆம்பளைங்க பேரில்தான் எங்க பக்கம் ஏறுச்சு. எங்க வீட்டுலயும் அப்படித்தான். நான் அதைக் குடிச்சு அழிக்கலை, உரக்கடை பாக்கிக்குப் போச்சு. ஆனா அவங்களைக் கேட்டு எடுக்கலை.

மறுநாள் சொசைட்டி செயலாளர்கிட்ட, "தம்பி, உறுப்பினர் பேரை மாத்த முடியுமா?"ன்னு கேட்டேன். "என்னண்ணே, உடம்புக்கு ஏதாவதா?"ன்னு பதறிட்டார். இல்லைன்னு சொன்னதும், மனு, ஆதார், பேங்க் புத்தகம் கொடுங்க, கமிட்டியில வைக்கணும்னார். பேங்க் கணக்கு நூறுநாள் வேலைக்குத் திறந்தது ஒண்ணு இருந்துச்சு. தூங்கிக்கிட்டிருந்ததை எழுப்பப் போன செவ்வாய்க்கிழமை சந்தைக்குப் போற சாக்கில் இரண்டு பேரும் பேங்குக்குப் போனோம்.

அங்கேயும் ஒரு படிவம், அங்கேயும் தொழில்னு ஒரு கட்டம். பேனா என் கையில இருந்துச்சு. அவங்க எட்டிப் பார்த்து, "மாடு கறக்கிறேன்னு எழுதுங்க"ன்னாங்க. அப்படியே எழுதினேன். கவுண்டரில் இருந்த பொண்ணு படிச்சுப் பார்த்துட்டு ஒண்ணும் சொல்லாம சீல் போட்டுட்டா.

கமிட்டி இருபதாம் தேதி கூடுது. அதுவரைக்கும் சீட்டு என் பேரில்தான்.