குணசேகரனும் நாமும்

ஞாயிற்றுக்கிழமை மதிய உணவு முடிந்ததும் எமது இல்லத்தில் ஒரு நீதிமன்றம் கூடுவது வழக்கம். திங்கள் முதல் சனி வரை இரவுதோறும் தொலைக்காட்சியில் ஓடிய நாடகத்தின் ஆறு அங்கங்களும் அங்கே விசாரணைக்கு எடுக்கப்படும். சாய்மனைக் கதிரையில் வீற்றிருக்கும் எம் தாயாரே நீதிபதி. எமது இல்லாளும் மகளும் வழக்கறிஞர்கள். நாம் மட்டும் விடைத்தாட் கட்டொன்றை மடியில் வைத்துக்கொண்டு ஒதுங்கியிருப்போம். 'நாம் நாடகம் பார்ப்பதில்லை' என்பது ஊரறிய நாம் கூறிவந்த வார்த்தை. பார்ப்பதில்லைதான், ஆயினும் ஓர் அங்கத்தையேனும் கேளாது விட்டதுமில்லை.

தமிழகத்திலிருந்து வரும் இத்தொடர்களின் குறைகளைக் கூறுவதற்குத் தமிழாசிரியன் ஒருவனுக்குப் பெருமுயற்சி வேண்டியதில்லை. நன்னூலார் நூலுக்கு விலக்கிய பத்துக் குற்றங்களுள் 'கூறியது கூறல்', 'மிகைபடக் கூறல்' என்னும் இரண்டுமே இவற்றுக்கு உயிர்நாடி. ஒருவர் ஒரு சொல் உரைத்தால், கேட்டு நிற்கும் எழுவருடைய முகங்களும் முறையே வந்து போகும். ஒவ்வொரு முகத்துக்கும் ஓர் இடிமுழக்கம். திங்களன்று கதவைத் தட்டியவர் புதன்கிழமைதான் உள்ளே வருவார். சனிக்கிழமை இரவு எவருடைய உயிரோ மானமோ ஊசலாடிக்கொண்டிருக்கையில் 'தொடரும்' என்ற எழுத்துத் தோன்றும். இவற்றையெல்லாம் நாம் எடுத்துரைக்கும்போது தாயார் முறுவலிப்பார். "தம்பி, சீவியமும் அப்பிடித்தானே. சொன்னதைத்தானே திரும்பத் திரும்பச் சொல்லுறம்" என்பது அவருடைய மறுமொழி.

2022 பெப்ரவரியில் சன் தொலைக்காட்சியில் 'எதிர்நீச்சல்' என்னும் தொடர் ஆரம்பமாயிற்று. 2003 முதல் 2009 வரை 1,500க்கு மேற்பட்ட அங்கங்களாக நீண்ட 'கோலங்கள்' தொடரை இயக்கிய திருச்செல்வமே இதனையும் இயக்கினார். கற்ற பெண்களைத் தேடி மருமக்களாக்கிக் கொண்டுவந்து, பின் அவர்களை அடுக்களைக்குள் அடைத்துவைக்கும் ஒரு குடும்பத்தின் கதை அது. அக்குடும்பத்தின் மூத்தவர் ஆதி குணசேகரன். அவர் கூடத்தில் அமர்ந்து குரலெழுப்பினால் வீடே நடுங்கும். அப்பாத்திரத்தை ஏற்ற மாரிமுத்து, 'கண்ணும் கண்ணும்', 'புலிவால்' ஆகிய திரைப்படங்களை இயக்கியவர். கொடியவனாக நடித்தும் வீடுதோறும் அவருக்கு இரசிகர் கூட்டம் ஒன்று திரண்டது. எம் மாணவரும் இடைவேளைகளில் அவரைப்போற் பேசிச் சிரிப்பதை நாம் கேட்டிருக்கிறோம்.

எமது நீதிமன்றத்திலும் கிழமைதோறும் குற்றவாளி குணசேகரனே. "படிச்ச பிள்ளையளைக் கொண்டுவந்து சட்டி கழுவ விடுறானே பாவி!" என்று தாயார் தீர்ப்பளிப்பார். நாமும் விடைத்தாளிலிருந்து தலையை நிமிர்த்தி, "உண்மைதான், மிகவும் பிற்போக்கான மனிதர்" என்று ஆமோதிப்போம்.

2023 செப்ரெம்பர் 8ஆம் நாள், வெள்ளிக்கிழமை. அதே தொடருக்குக் குரற்பதிவு செய்துகொண்டிருந்த வேளையில் நெஞ்சுவலி கண்டு மாரிமுத்து காலமானார். ஒன்றரை ஆண்டுக்கு மேலாக நாள்தோறும் அவரை வைதுவந்த எம் தாயார் அன்றிரவு சோறு உண்ணவில்லை. "வேசம் போட்டவன்தானே, ஆள் நல்ல மனுசனாயிருந்திருப்பான்" என்று மட்டும் கூறினார். அந்த ஞாயிறு நீதிமன்றம் கூடவில்லை.

சில கிழமைகளின் பின், 'குற்றப்பரம்பரை' நாவலை எழுதிய வேல ராமமூர்த்தி அப்பாத்திரத்தை ஏற்றார். புதியவர் பொருந்துகிறாரா இல்லையா என்பதே அக்கிழமை எம் இல்லத்து வழக்கு. நெடுநேர வாதத்தின் பின், "ஆள் மாறினால் என்ன தம்பி, கதிரை அதுதானே. ஆர் வந்து இருந்தாலும் அந்தக் குரல்தான் வரும்" என்று தாயார் தீர்த்து வைத்தார்.

அப்போது எம் மகள் திடீரெனக் கேட்டாள்: "அப்பா, அம்மாவும் கம்பசிலை படிச்சவதானே? அப்ப ஏன் அவ வேலைக்குப் போகேல்லை?"

எவரும் பேசவில்லை. தாயார் எம்மை நோக்கினாரேயன்றித் தீர்ப்பெதுவும் கூறவில்லை. இல்லாள் எழுந்து, "எல்லாருக்கும் தேத்தண்ணி போடட்டோ?" என்றபடி அடுக்களைக்குச் சென்றுவிட்டார்.

வாசகர்களுக்கு உண்மையை உரைத்துவிடுகிறோம். அவரும் நாமும் ஒரே பல்கலைக்கழகத்தில் ஒரே ஆண்டிற் பட்டம் பெற்றவர்கள். அவர் பெற்ற வகுப்பு எம்முடையதிலும் உயர்ந்தது. மணமாகி இரண்டாம் ஆண்டில் மன்னாரில் அவருக்கு ஆசிரிய நியமனம் கிடைத்தது. "பிள்ளை சிறியவள், அம்மாவுக்கும் இயலாது, பிறகு பார்க்கலாமே" என்றோம். அதட்டவில்லை, மேசையில் அறையவில்லை, மிக மெல்லக் கூறினோம். அவரும் மறுத்துரைக்கவில்லை. அந்தப் 'பிறகு' வரவேயில்லை.

அன்றிரவு அதைப்பற்றி அவரிடமே கேட்டோம். மடித்துக்கொண்டிருந்த உடுப்பைக் கீழே வையாமலே அவர் கூறினார்: "அந்த மனுசன் கத்தினபடியால் அந்தப் பெண்டுகள் எதிர்த்துக் கதைச்சினம். நீங்கள் கத்தேல்லையே. நான் என்னத்தை எதிர்க்கிறது?"

நாடகத்தைப் பற்றி நாம் அதுகாறும் கூறிவந்த குறைகளெல்லாம் அக்கணத்தில் சிறியனவாய்ப் போயின. கூறியது கூறலன்று அதன் பெருங்குற்றம். தன் கொடியவனை அவ்வளவு உரத்துப் பேசவைப்பதால், மெல்லப் பேசும் எம்மனோரை அது விடுதலை செய்துவிடுகிறது. குணசேகரனைக் கண்டு முகஞ்சுளித்த ஒவ்வோர் இரவும் நாம் எம்மை நல்லவரென்று எண்ணிக்கொண்டே உறங்கியிருக்கிறோம்.

போன நியமனம் மீளவில்லை. விண்ணப்பிக்கும் வயதும் கடந்துவிட்டது. 2024இன் தொடக்கம் முதல் எமது முன்விறாந்தையில் அவர் உயர்தர மாணவர் சிலருக்குப் புவியியல் கற்பிக்கிறார். இதனைக் கைம்மாறென்று கூறிக்கொள்ள எமக்குத் துணிவில்லை. அவ்வாண்டு யூனில் தொடர் முடிவடைந்து, டிசெம்பரில் 'எதிர்நீச்சல் தொடர்கிறது' என்ற பெயரில் இரண்டாம் பாகம் தொடங்கிற்று. ஞாயிறு நீதிமன்றமும் மீண்டும் கூடியது. நாம் விடைத்தாள்களை அறையிலேயே விட்டுவிட்டு, அடுக்களையிலிருந்து தேநீர்த் தட்டத்துடன் சென்று அமர்ந்தோம்.

தாயார் ஒரு வாய் அருந்திவிட்டு எம்மை நிமிர்ந்து பார்த்தார். "சாயம் காணாது, தம்பி" என்பது அன்றைய தீர்ப்பு.