காபிக் கடைக்கு வந்த கூட்டம்

கடைக்கு ஆள் வரவேண்டும் என்றால் என்ன செய்யலாம்? விலையைக் குறைக்கலாம். விளம்பரம் கொடுக்கலாம். ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம் என்று போர்டு மாட்டலாம். ஆள் வருவார்கள், வாங்குவார்கள், போய்விடுவார்கள். அடுத்த கடையில் விலை குறைந்தால் அங்கே போவார்கள். ஆனால் வந்தவர்களை உட்காரவைத்துப் பேசவிட்டால் கதை வேறு. மறுநாளும் வருவார்கள், கூடவே இன்னொருவரையும் அழைத்து வருவார்கள். காரணம், அவர்கள் வருவது சரக்குக்காக மட்டும் அல்ல, அங்கே வரும் மற்றவர்களுக்காகவும்தான்.

இந்த வித்தை தெரிந்தவர் லண்டனில் காபிக் கடை வைத்திருந்த எட்வர்ட் லாயிட். 1680களின் கடைசியில் தேம்ஸ் நதிப் பக்கம் டவர் தெருவில் அவர் கடை இருந்தது. அப்போது லண்டனில் காபிக் கடைக்குப் பஞ்சமே இல்லை. ஒரு பென்னி கொடுத்தால் காபியும் கிடைக்கும், ஊர் வம்பும் கிடைக்கும். இந்தப் பேச்சைக் கண்டு பயந்து இரண்டாம் சார்லஸ் மன்னர் 1675 டிசம்பரில் காபிக் கடைகளையே மூடச்சொல்லி உத்தரவு போட்டார். எதிர்ப்பு கிளம்பியதும் சில நாட்களிலேயே அதை வாபஸ் வாங்கினார். (மன்னரையே பின்வாங்க வைத்த பானம் வேறு ஏதாவது உண்டா தெரியவில்லை!)

இத்தனை கடைகளுக்கு நடுவில் லாயிட் கடைக்கு வந்தவர்கள் கப்பல் கேப்டன்கள், கப்பல் முதலாளிகள், வணிகர்கள். அவர்களுக்கு என்ன தேவை என்று லாயிட் பார்த்தார். பேனா, மை, காகிதம் வைத்தார். 1691இல் வணிகர்கள் நடமாட்டம் அதிகமுள்ள லம்பார்ட் தெருவுக்குக் கடையை மாற்றினார். துறைமுகங்களிலிருந்து வரும் கப்பல் செய்திகளைச் சேகரித்தார். கடையில் மேடை போன்ற ஓர் உயரமான இடம் இருந்தது. அதில் ஏறி நின்று பணியாள் செய்தியை உரக்கப் படிப்பான். அங்கேயே கப்பல் ஏலமும் நடக்கும். சின்ன மெழுகுவர்த்தித் துண்டைக் கொளுத்தி வைப்பார்கள். அது அணைவதற்குள் கடைசியாக விலை கேட்டவருக்குக் கப்பல். 1696இல் ‘லாயிட்ஸ் நியூஸ்’ என்று ஒரு செய்தித்தாளும் தொடங்கினார். பாராளுமன்றத்தைப் பற்றிய ஒரு செய்தியால் சிக்கல் வந்து மறு ஆண்டே அது நின்றுபோனது.

காப்பீடு இங்கேதான் உள்ளே நுழைகிறது. சரக்கு ஏற்றிக் கப்பல் அனுப்பும் வணிகருக்குப் புயல் பயம், கொள்ளையர் பயம். அவருக்காகத் தரகர் ஒரு காகிதத்தில் கப்பல் விவரத்தை எழுதிக்கொண்டு மேசை மேசையாகப் போவார். பணம் படைத்தவர்கள் ஆளுக்கொரு தொகையைப் பொறுப்பேற்று, விவரத்துக்குக் கீழே பெயர் எழுதுவார்கள். கீழே எழுதியதால்தான் அவர்களுக்கு அண்டர்ரைட்டர் என்று பெயர். பி.காம். படிப்பவர்கள் பரீட்சைக்கு மனப்பாடம் செய்யும் அந்த வார்த்தையின் பூர்வீகம் இவ்வளவுதான்.

இதில் கவனிக்க வேண்டியது, லாயிட் ஒரு காப்பீடுகூட விற்கவில்லை. அவர் விற்றது காபி. 1713இல் இறக்கும் வரை காபிக் கடைக்காரர்தான். கேப்டன் சொல்லும் சேதி அண்டர்ரைட்டருக்கு வேண்டும், அண்டர்ரைட்டரின் பணம் வணிகருக்கு வேண்டும், வணிகரின் சரக்கு கேப்டனுக்கு வேண்டும். மூவரும் சந்திக்க ஓர் இடம் கொடுத்தார், அவ்வளவே.

பேச்சு பெருகிய இடமெல்லாம் நல்ல பேச்சு என்று சொல்லிவிட முடியாது. அந்த மேசைகளில் காப்பீடு செய்யப்பட்ட கப்பல்களில் ஆப்பிரிக்காவிலிருந்து மனிதர்களை அடிமைகளாக ஏற்றிச் சென்ற கப்பல்களும் உண்டு. அதற்காக லாயிட்ஸ் நிறுவனம் மன்னிப்புக் கேட்டது 2020இல்!

லாயிட் இறந்தபின் கடை கைமாறிக்கொண்டே போனது. கூட்டம் குறையவில்லை. ஆனால் கூட்டத்தின் தரம் மாறியது. நோயில் படுத்திருக்கும் பிரமுகர் எத்தனை நாள் தாங்குவார் என்று பந்தயம் கட்டி, அதையும் காப்பீடு என்ற பெயரில் எழுதினார்கள். யார் உயிர் போனாலும் யாருக்கோ லாபம். கடைக்காரருக்கு என்ன கவலை? வியாபாரி வந்தாலும் சூதாடி வந்தாலும் காபிக்குக் காசு ஒன்றுதானே. ஆள் எண்ணிக்கையை மட்டும் பார்ப்பவரின் கணக்கு எப்போதும் இப்படித்தான் இருக்கும்.

கவலைப்பட்டவர்கள் வாடிக்கையாளர்கள். சூதாடிகளோடு ஒரே மேசையில் உட்கார்ந்தால் தங்கள் கையெழுத்துக்கு என்ன மதிப்பு? 1769இல் ஒரு கூட்டம் வெளியேறியது. அந்தக் கடையின் பணியாளர் தாமஸ் ஃபீல்டிங்கை வைத்தே போப்ஸ் ஹெட் சந்தில் ‘புதிய லாயிட்ஸ்’ என்று ஒரு கடையைத் திறந்தார்கள். பெயரையும் கூடவே எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள்! பழைய கடை மெல்ல மெல்ல மங்கி இல்லாமலே போனது. புதிய இடம் போதாமல் போகவே 1771இல் 79 பேர் ஆளுக்கு 100 பவுண்டு போட்டார்கள். இனி இடத்துக்குச் சொந்தக்காரர் காபி விற்பவர் அல்ல, பேசுகிறவர்களே. 1774இல் ராயல் எக்ஸ்சேஞ்சுக்குக் குடிபோனார்கள். அதே ஆண்டு பாராளுமன்றமும் ஒரு சட்டம் கொண்டுவந்தது: ஒருவர் உயிரின்மேல் தனக்கு உண்மையான நலன் இல்லாத யாரும் காப்பீடு எடுக்கக்கூடாது.

பழைய கடைக்காரர்களைக் குறை சொல்வதா, பாவம் என்பதா? காபி கெட்டுப்போகவில்லை, விலை ஏறவில்லை, கடையும் பூட்டிக் கிடக்கவில்லை. யாரை உள்ளே விடுவது, எதைப் பேசவிடுவது என்பதை மட்டும் கவனிக்கவில்லை. மூன்று தலைமுறையாகச் சேர்ந்த கூட்டம் போய்விட்டது.

போனவர்களின் வாரிசுகள் இன்று லண்டன் லைம் தெருவில் 1986இல் திறந்த, குழாய்களெல்லாம் வெளியே தெரியும் பெரிய கட்டடத்தில் இருக்கிறார்கள். அங்கே சீருடையில் நிற்கும் பணியாளர்கள் யாருக்கும் காபி கொண்டுவந்து வைப்பதில்லை. ஆனாலும் அவர்களை இன்றும் வெயிட்டர் என்றுதான் கூப்பிடுகிறார்கள்.