குதிகாலைப் பிடிக்காத செருப்பு

முழங்காலில் ஜவ்வு ஆபரேஷன் முடிந்து வீடு திரும்புகிறவருக்குப் பயிற்சிகளைப் பற்றி விரிவாகச் சொல்லி அனுப்புகிறார்கள். காலில் எதைப் போடுவது என்பது மட்டும் 'நல்ல ஷூவா வாங்கிக்கோங்க' என்பதோடு முடிந்துவிடும். வத்திராயிருப்பு மாதிரி ஊரில் அந்த ஷூ ஒரு வாரம்கூடத் தாங்காது, தரம் குறைவு என்பதால் அல்ல. வீட்டு வாசலில் கழற்ற வேண்டும், கோயிலில் கழற்ற வேண்டும், வயலில் இறங்கும்போது கழற்ற வேண்டும். முழுதாக மடங்காத காலை வைத்துக்கொண்டு ஒவ்வொரு முறையும் குனிந்து கயிறு கட்ட யாரால் முடியும்? ஷூ திண்ணையோரம் கிடந்து தூசி படியும். கால் பழைய ஹவாய் செருப்புக்கே போய்விடும்.

இந்தச் செருப்பு மெல்லியது என்பது பெரிய குறை இல்லை. குதிகாலை அது பிடிப்பதே இல்லை என்பதுதான் குறை. கழன்றுவிடாமல் இருக்க விரல்களை மடக்கிப் பிடித்தபடி நடக்கிறோம், எட்டு குறுகிவிடுகிறது. ஆபரேஷன் ஆன காலில் ஏற்கெனவே தொடைத் தசை மெலிந்திருக்கும். குதிகால் தரையில் படும்போது முழங்கால் ஏறக்குறைய நேராக இருக்க வேண்டும். அது நீளாமல், பாதத்தைத் தட்டையாக வைக்கும் பழக்கம் எளிதில் தொற்றிக்கொள்ளும். தளர்ந்த செருப்பு அந்தப் பழக்கத்துக்குத் துணை போகிறது. மழைக்காலக் கண்மாய்க்கரையில் நடப்பதைப் பார்த்தால் விஷயம் இன்னும் தெளிவாகும். செருப்பு சேற்றில் ஒட்டிக்கொள்ள, குதிகால் பக்கவாட்டில் வழுக்கி இறங்க, உடம்பு ஒரு பக்கம் திரும்பும். கபடிக் களத்தில் பாதம் ஊன்றியபடி உடம்பு திரும்பும்போது ஜவ்வு கிழிவதும் இதே முறுக்கலில்தான். புதிதாக வைத்துத் தைத்த நாரோ முதல் சில மாதங்கள் பலவீனமாகவே இருக்கும், வலி நின்ற பிறகும்கூட.

'அப்படியானால் வெறுங்காலே மேல்' என்று ஒருவர் சொல்லலாம். சொல்ல ஆதாரமும் உண்டு. சிகாகோவின் ரஷ் மருத்துவ மையத்தினர் 2006-இல் வெளியிட்ட ஆய்வில், மூட்டுத் தேய்மானம் உள்ளவர்கள் வெறுங்காலில் நடந்தபோது முழங்காலின் உட்பக்கச் சுமையைக் காட்டும் அளவு சுமார் 12 சதவீதம் குறைந்தது. 2010-இல் அதே குழு ஹவாய் செருப்பையும் ஏறக்குறைய வெறுங்காலுக்கு நிகராகவே கண்டது. ஆனால் அது தேய்ந்த மூட்டுக்கான கணக்கு, அதுவும் ஆய்வுக்கூடத்தின் சமதளத்தில் சீராக நடந்தபோது எடுத்தது. ஜவ்வு தைத்தவருக்கு அன்றாடச் சுமையைவிட, எதிர்பாராத ஒரு வழுக்கல்தான் பயம். அந்த ஆய்வுகளிலிருந்து இங்கே எடுத்துக்கொள்ளக்கூடியது ஒன்று உண்டு: தடித்த, குதி உயர்ந்த ஷூ என்றாலே மூட்டுக்கு நல்லது என்று நம்ப வேண்டியதில்லை.

ஆகவே தட்டையான அடி, விரல் பகுதியில் மட்டும் வளையும் உறுதி, குதிகாலைச் சுற்றி ஒட்டுப் பட்டை வைத்த பின்வார் உள்ள சாண்டல் போதும். கட்டிலில் உட்கார்ந்தே மாட்டிவிடலாம். ஈரமான டைல்ஸ் தரைக்கு இன்னொரு ஜோடி வேண்டும். வீட்டுக்குள் செருப்பா என்று பெரியவர்கள் முகம் சுளிக்கலாம். வீட்டுக்கென்று தனியாக வைத்ததை வாசல் தாண்ட விடாவிட்டால் அந்தச் சங்கடமும் தீரும். தசை தேறாமல் செருப்பு என்ன செய்யும் என்ற கேள்வி நியாயமானது. தசையைச் செருப்பு வளர்க்காது. அது வளரும்வரை கால் பிசகாமல் பார்த்துக்கொள்ளும், அவ்வளவே. தாணிப்பாறையிலிருந்து சதுரகிரி மலை ஏற எப்போது தொடங்கலாம் என்று கேட்பவர், கடைக்காரரிடம் அல்ல, பிசியோதெரபிஸ்டிடம் கேட்க வேண்டும். அவர் முதலில் பார்ப்பது ஏறுவதை அல்ல, அந்தக் காலை ஊன்றி ஒரு படி நிதானமாக இறங்க முடிகிறதா என்பதை.