பேய் குடியிருந்த மனை

ஆளற்ற மனையிற் பேய் குடியேறும் என்பது ஊரறிந்த நம்பிக்கை. பேய் குடியிருக்கும் மனையில் ஆட்கள் குடியேறினால் யாது நிகழும்? ஒஸ்கார் வைல்ட் 1887ஆம் ஆண்டில் வெளியிட்ட 'கன்ரவில் பேய்' என்னும் கதை இவ்வினாவிலிருந்தே தொடங்குகின்றது.

இங்கிலாந்தின் பழைய மாளிகையொன்றை அமெரிக்கத் தூதுவர் ஒற்றிஸ் வாங்க முற்படுகின்றார். அங்கே பேயுண்டென உரிமையாளரான கன்ரவில் பிரபு ஒளியாது உரைக்கின்றார். தளபாடங்களோடு பேயையும் சேர்த்தே விலைமதித்துக் கொள்வதாகத் தூதுவர் விடையிறுக்கின்றார். அப்பேய், முன்னொரு காலத்தில் அம்மனைக்கு உரியவனாயிருந்த சேர் சைமன். 1575இல் தன் மனைவியைக் கொன்றவன். அவளுடைய சகோதரரால் பட்டினியிடப்பட்டு மாண்டவன்.

புதுக்குடியினர் அஞ்சினாரல்லர். சங்கிலி ஒலித்தால் அதற்கு எண்ணெய் நீட்டுகின்றனர். தரையிலுள்ள குருதிக்கறையை நாள்தோறும் துடைக்கின்றனர். இரட்டைச் சிறுவர் தலையணைகளை வீசுகின்றனர். அச்சுறுத்துவதையே கடமையாகக் கொண்ட பேய், ஈற்றில் காலணியைக் கழற்றிவிட்டு, சங்கிலிக்கும் எண்ணெயிட்டு, தன் வீட்டிலேயே ஓசையின்றி நடக்கின்றது. நகைப்பூட்டும் இக்காட்சியின் அடியில் துயரமொன்று உறைகின்றது. முன்னர் அஞ்சியோரும் அதன் கதையைக் கேட்கவில்லை. இப்போது அஞ்சாதோரும் கேட்கவில்லை. பகுத்தறிவு பேய் பற்றிய அச்சத்தைப் போக்கியது. பேயின் தனிமையைப் போக்கவில்லை.

தூதுவரின் மகள், பதினைந்து வயது வேர்ஜினியா ஒருத்தியே கேட்கின்றாள். கறையைப் புதுப்பிப்பதற்காகத் தன் வண்ணங்களைத் திருடியது அப்பேயே என்பதை அவள் அறிவாள்; எனினும் எவரிடமும் சொன்னாளில்லை. தனித்திருக்கும் பேயைக் கண்டதும் கொலை பெருந்தவறென்று கண்டிக்கின்றாள். பட்டினியால் மாண்ட செய்தியை அது கூறியதும், பசிக்கின்றதோ என வினவித் தன் சான்ட்விச்சைத் தர முன்வருகின்றாள்.

எட்டுச் செலவன்று இறந்தவர் விரும்பியுண்டவற்றைப் படைக்கும் யாழ்ப்பாணத்து வாசகர்க்கு இவ்விடம் அந்நியமாகாது. உண்ண இயலாதவர்க்கு உணவு வைப்பது வயிற்றை நோக்கியதன்று. அவர் மறக்கப்படவில்லை என்பதை உணர்த்துவது. பேயும் உணவை மறுத்து, கேட்டமைக்காக நன்றி கூறுகின்றது. முந்நூறு ஆண்டுகளாக உறங்கவில்லை என்று அதன் பின்னரே மனந்திறக்கின்றது. தனக்காக அழவும் மன்றாடவும் ஒருவர் வேண்டுமென்கின்றது. வேர்ஜினியா அதற்கு இசைகின்றாள்.

பின்னர் இரகசிய அறையொன்றிற் சங்கிலியாற் பிணிக்கப்பட்ட எலும்புக்கூடு காணப்படுகின்றது. எட்டாத் தொலைவில் வைக்கப்பட்ட உணவுத் தட்டையும் நீர்க் குவளையையும் நோக்கி அதன் விரல்கள் நீண்டிருக்கின்றன. வேர்ஜினியாவின் இரக்கம் குற்றத்தை மறைக்கவில்லை. குற்றவாளிக்கும் பசியுண்டு என்பதை மறக்கவுமில்லை. கதையின் உயிர் இங்கேயே உள்ளது.

வீடு மாறுவோர் முன்னிருந்தோரின் அடையாளங்களைச் சுண்ணாம்படித்து மறைப்பது வழக்கம். சுவரிற் குழந்தையின் உயரத்தைக் குறித்த கோடும், படம் தொங்கிய ஆணியும் ஒரே நாளில் மறைந்துவிடுகின்றன. அவற்றை அழிக்குமுன், இங்கு வாழ்ந்தவர் யாரென அயலாரை ஒருமுறை கேட்டறிதல் நன்று. ஒற்றிஸ் குடும்பத்தார் மாளிகையை விலைக்கு வாங்கினர். அதன் கதையையும் ஏற்றுக் குடிபுகுந்தவள் வேர்ஜினியா மட்டுமே எனலாம்.