போலே போலே

ஸ்வாஹிலி மொழியில் 'போலே போலே' என்றால் மெல்ல மெல்ல என்று பொருள். கிளிமஞ்சாரோவில் ஏற வருகிறவன் முதலில் கற்றுக்கொள்ளும் சொல் இதுதான். 20 கிலோ மூட்டையோடு நம்மைத் தாண்டி விரைகிற சுமைகூலிகள்கூட, திரும்பி நம்மிடம் 'போலே போலே' என்று சொல்லிவிட்டுத்தான் போகிறார்கள். என் தமிழ்க் காதில் அது உவம உருபாக விழுந்தது. உவமைகளுக்கு எதிராக எட்டுப் பத்து வருஷங்களாக எழுதி வந்தவனுக்கு இது ஒரு சின்ன தண்டனை என்று நினைத்துக்கொண்டேன்.

நான் மலையேறுகிற ஆள் இல்லை. வங்கிக் கவுண்ட்டரில் உட்கார்ந்து முதுகு வளைந்தவன். தாருஸ்ஸலாமில் கணக்கராக இருக்கும் கல்லூரி நண்பன் பாதிச் செலவை ஏற்றுக்கொள்வதாகச் சொன்னான். மீதி என் இரண்டு வருஷச் சேமிப்பு. 2022 செப்டம்பரில் போனோம். பி.ஏ. ஆங்கிலம் படித்த காலத்தில் இருவரும் சேர்ந்து வாசித்த கதை ஹெமிங்வேயின் 'கிளிமஞ்சாரோவின் பனி' (1936). அதன் முகப்பில் உச்சிக்கருகே உறைந்து கிடக்கும் ஒரு சிறுத்தையின் உடல் வருகிறது. அது அங்கே எதற்கு வந்தது என்று யாருக்கும் தெரியாது. கதாநாயகனோ மலையில் காலே வைப்பதில்லை. சமவெளியில் கால் அழுகிச் சாகிறான். சாகும் தறுவாயில் கனவில்தான் மலைக்குப் போகிறான். அந்த நாட்களில் இதை ஒரு குறையாகக் கருதி வாதாடியிருக்கிறேன். அனுபவம் இல்லாமல் எழுதுவது பற்றி எனக்கு அப்போதே திடமான அபிப்பிராயங்கள் இருந்தன. பிறகு இந்தப் பக்கங்களிலேயே ஒரு கவிஞரின் தொகுப்பை, குளிர் என்ற சொல்லை அவர் கடன் வாங்கியிருக்கிறார் என்று எழுதி ஒதுக்கினேன். அவர் அதற்குப் பதில் எழுதவில்லை.

கிளிமஞ்சாரோ ஒரே மலை அல்ல. ஷிரா, மவென்ஸி, கிபோ என்று மூன்று எரிமலைகள். முன்னிரண்டும் அவிந்துவிட்டன. கிபோவின் வாயில் இன்னும் கந்தகப் புகை கசிகிறது என்கிறார்கள். பனியைப் பற்றிச் சொல்வதானால், 1912-இல் இருந்ததில் 80 சதவிகிதத்துக்கு மேல் போய்விட்டது. கதையின் தலைப்பே கரைந்துகொண்டிருக்கிறது.

எங்கள் வழி மச்சாமே. முதல் நாள் மழைக்காடு, இரண்டாம் நாள் புதர்வெளி. மூன்றாம் நாள்தான் எனக்கு விஷயம் புரிந்தது. காலையில் 3,840 மீட்டரிலிருந்து கிளம்பி, லாவா டவர் என்கிற இறுகிய எரிகுழம்புத் தூண்வரை 4,600 மீட்டர் ஏறினோம். அங்கே மதியச் சாப்பாடு. பிறகு ஏறியதையெல்லாம் இறங்கி 3,950 மீட்டரில் பர்ராங்கோ முகாம். நாள் முழுக்க நடந்ததில் மிஞ்சிய உயரம் 100 மீட்டர் சொச்சம். மறுநாள் கைகளால் தொற்றிச் செங்குத்துச் சுவர் ஒன்றை ஏறிக் கடந்து, மறுபடி ஏறக்குறைய அதே உயரத்தில் கரங்கா முகாமில் தூக்கம். உயரத்தில் நட, தாழ்வில் தூங்கு என்பது விதி.

காற்றில் பிராணவாயுவின் பங்கு உச்சியிலும் 21 சதவிகிதம்தான். குறைவது அழுத்தம், 5,895 மீட்டரில் அது கடல்மட்டத்தில் உள்ளதில் ஏறக்குறைய பாதி. உடம்பு உடனே செய்வது வேகமாக மூச்சுவிடுவது. அப்படி விடும்போது கரியமிலவாயு அளவுக்கு மீறி வெளியேறி ரத்தத்தில் காரம் ஏறுகிறது. காரம் ஏறியதும், மூச்சைக் குறை என்று மூளையின் உத்தரவு. இந்த இழுபறியைத் தீர்த்துவைப்பது சிறுநீரகம். உபரி பைகார்பனேட்டைச் சிறுநீரில் கழித்துக் கணக்கை நேர்செய்கிறது, ஆனால் அதற்குச் சில நாட்கள் பிடிக்கும். டயாமாக்ஸ் மாத்திரையின் வேலையும் இந்தக் கழிவைத் துரிதப்படுத்துவதுதான். கால்கள் ஏறுவதாக நாம் நினைத்துக்கொண்டிருக்க, உண்மையில் சிறுநீரகம்தான் மலையேறுகிறது. மாலையில் ரொக்கம் சரிக்கட்டாமல் வீட்டுக்குப் போக முடியாத என்னைப் போன்றவனுக்கு அந்த உறுப்பின்மேல் புது மரியாதை வந்துவிட்டது. கணக்கு நேராகும்வரை ராத்திரிகளில் அவஸ்தைதான். தூக்கத்தில் மூச்சு ஏறி ஏறி வந்து சட்டென்று நின்றுவிடும். சில விநாடிகள் கழித்து, யாரோ உலுக்கியதுபோல் விழித்துக்கொள்வேன்.

தினமும் மாலையில் தலைமை வழிகாட்டி ஒரு பழைய நோட்டுடன் கூடாரத்துக்கு வருவார். சாகா இனத்தவர், ஐம்பதை நெருங்குபவர். விரல்நுனியில் கருவியை மாட்டி ரத்தத்தில் பிராணவாயு எவ்வளவு என்று பார்த்துக் குறித்துக்கொள்வார். பிறகு நான்கு கேள்விகள். தலைவலி? குமட்டல்? அசதி? கிறுகிறுப்பு? ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை நாமே மதிப்பெண் சொல்ல வேண்டும். கருவி காட்டும் எண் ஆளுக்கு ஆள் மாறும், அதை வைத்து மட்டும் ஒன்றும் முடிவு செய்ய முடியாது என்றார். ஆகவே, கடைசியில் எல்லாம் நம் வாக்குமூலத்தின் பேரில் நடக்கிற காரியம்.

லாவா டவரில் ஆரம்பித்த தலைவலி கரங்காவிலும் விடவில்லை. நோட்டில் என் பெயருக்கு நேரே பூஜ்யம் சொன்னேன். அடுத்த நாள் பராஃபு. ஸ்வாஹிலியில் பனிக்கட்டி என்று பொருள். 4,650 மீட்டரில் வெறும் கல். அங்கே சாயங்காலம் பாறைக்குப் பின்னால் போய் வாந்தி எடுத்தேன். அதன்மேல் பூட்ஸ் காலால் சரளையைத் தள்ளி மூடினேன். தண்ணீர்க் கேன் சுமந்துவந்த ஒரு பையன் சற்று தூரத்தில் நின்று பார்த்துவிட்டுப் போனான்.

"என்னடா, மூஞ்சி ஒரு மாதிரி இருக்கே?" என்றான் நண்பன்.

"தூக்கம் இல்லைடா, அவ்வளவுதான்."

நோட்டு வந்தது. தலைவலி, பூஜ்யம். குமட்டல், பூஜ்யம். அசதிக்கு மட்டும் 1 சொன்னேன். எல்லாம் பூஜ்யமாக இருந்தால் நம்பமாட்டார்கள் என்று தோன்றியது. ஒரு பொய்யை நம்பத் தகுந்ததாக்க எவ்வளவு உண்மை கலக்க வேண்டும் என்று அந்த உயரத்திலும் எனக்குத் தெரிந்திருந்தது. ஏன் பொய் சொன்னேன்? பணம் ஒரு காரணம். நண்பன் மட்டும் ஏறிவிடுவான் என்பது இன்னொன்று. ஆனால், திரும்பிப்போய் இதைப் பற்றி எழுதவேண்டும் என்கிற ஆசைதான் முக்கியமான காரணம் என்று இப்போது நினைக்கிறேன்.

நள்ளிரவில் புறப்பட்டோம். நெற்றி விளக்கின் வெளிச்சத்தில் முன்னால் போகிறவரின் குதிகால் மட்டும் தெரியும். சாம்பல் சரளையில் காலை ஊன்றினால் பாதி சறுக்கும். குப்பியில் தண்ணீர் உறைந்துவிட்டது. குளிரைப் பற்றி ஒன்றும் சொல்லப்போவதில்லை. ஒன்று கவனித்தேன்: உதவி வழிகாட்டிகளில் இளையவர் கிளம்பியதிலிருந்து எனக்கு நேர் பின்னாலேயே வந்துகொண்டிருந்தார். ஆளுக்கு ஆள் இடம் மாறினார்கள், அவர் மாறவில்லை.

சுமார் 5,300 மீட்டரில் தலைமை வழிகாட்டி நிறுத்தினார். மற்றவர்களைப் போகச் சொல்லிவிட்டு, சற்றே சமமான ஒரு இடத்தில், ஒரு காலின் விரல்நுனியில் மறுகாலின் குதிகால் ஒட்டும்படி பத்து அடி நடக்கச் சொன்னார். மூளையில் நீர் கோக்க ஆரம்பித்தால் முதலில் நடைதான் காட்டிக்கொடுக்கும். மூன்றாவது அடியில் பக்கவாட்டில் சரிந்தேன். இளையவர் தயாராகக் கை நீட்டியிருந்தார். எனக்கு அப்போதுதான் புலப்பட்டது. தண்ணீர்க் கேன் பையன் அன்று மாலையே சொல்லியிருக்கிறான். நான் நோட்டில் எழுதவைத்தது ஒரு பிரதி. அவர்கள் இரண்டு நாளாக வாசித்துக்கொண்டிருந்தது வேறு பிரதி. கோபித்துக்கொள்ளவில்லை. "மலை இங்கேதான் இருக்கும்" என்று ஆங்கிலத்தில் சொன்னார். எல்லோரிடமும் சொல்வதாக இருக்கலாம். வார்த்தை தேய்ந்திருந்தாலும் குரல் தேய்ந்ததாக இல்லை.

பின்னர் வாசித்துத் தெரிந்துகொண்டது: ஹான்ஸ் மேயரும் 1887-இல் பாதியில் திரும்பியவர்தான். 1889-இல் வெற்றி பெற்றபோது, வழியில் இடைவெளி விட்டு முகாம்கள் போட்டு, சாப்பாட்டைச் சுமந்துவர ஆட்களை வைத்துக்கொண்டார். உச்சிக்கு ஜெர்மன் பேரரசர் பெயரைச் சூட்டினார். இன்று அதன் பெயர் உஹுரு, அதாவது விடுதலை.

இறங்கும்போது இளையவர் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டே வந்தார். வாந்தி எடுக்க நான் குனிந்தபோதெல்லாம் முதுகைத் தட்டி "போலே" என்றார். ஒரு தடவைதான் சொன்னார். மெதுவாகத்தானே போகிறோம் என்று எரிச்சலோடு சொன்னேன். அவர் சிரித்தார். இரண்டு தடவை சொன்னால்தான் மெல்ல. ஒரு தடவை சொன்னால் வருத்தப்படுகிறேன், உனக்கு நேர்ந்ததற்காக, என்று விளக்கினார். மவென்ஸிக்குப் பின்னால் வெளுக்க ஆரம்பித்திருந்தது. என்னால் அன்று அவருக்கும் உச்சி இல்லை. அதுபற்றிக் கேட்டேன். நிறைய தடவை போயிருக்கிறேன் என்றார். உங்கள் ஊரில் என்ன வேலை என்று அவர் கேட்டபோது வங்கி என்று மட்டும் சொன்னேன்.

பராஃபுவில் நிற்கவிடாமல் மேலும் கீழே கூட்டிப்போனார். ம்வேக்கா முகாம், 3,100 மீட்டர். அங்கே மரங்கள் இருந்தன. தலைவலி எப்போது நின்றது என்றே தெரியவில்லை. பசித்தது. சமையல்காரர் கொடுத்த வெள்ளரிக்காய் சூப்பை மூன்று கிண்ணம் குடித்தேன். மாலையில் நண்பன் உச்சிப் பலகையின் முன் எடுத்த போட்டோவுடன் வந்து சேர்ந்தான். அதை எனக்குக் காட்டத் தயங்கினான்.

இருட்டியதும் தலைமை வழிகாட்டி வழக்கம்போல் நோட்டுடன் வந்து உட்கார்ந்தார். தலைவலி? என்றார். கொஞ்சம் யோசித்துப் பார்த்துவிட்டு, இல்லை என்றேன். பென்சிலை நோட்டின் மேல் வைத்தபடி அவர் என் முகத்தைச் சற்று நேரம் பார்த்தார். பிறகுதான் எழுதினார்.