கூலிக்குப் போனால் ஜீவனாம்சம் கிடையாதா?

கணவர் தரப்பில் தாக்கலான ஒரே ஆவணம், மனைவியின் நூறு நாள் வேலை அட்டை. சம்பாதிக்கிற மனைவிக்கு ஜீவனாம்சம் எதற்கு என்பது அவர்கள் வாதம்.

கூட்டேரிப்பட்டை அடுத்த கிராமத்தில் இரண்டு பிள்ளைகளோடு இருந்தார் அந்தப் பெண். கொத்தனாரான கணவர் பெங்களூருக்கு வேலைக்குப் போய், அங்கேயே இன்னொரு குடும்பம் வைத்துக்கொண்டார். கைவிடப்பட்ட பெண்களுக்கான அரசு உதவித்தொகை வாங்க வயது 30 ஆகியிருக்க வேண்டும். ஐந்தாண்டாவது பிரிந்திருக்க வேண்டும், அல்லது கோர்ட் தந்த பிரிவுச் சான்று வேண்டும். இவருக்கு 27. அதுவரை பிள்ளைகளுக்கு யார் சோறு போடுவது? திண்டிவனம் மாஜிஸ்திரேட் கோர்ட்டில் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125ஆம் பிரிவின்கீழ் ஜீவனாம்சம் கேட்டு மனு போட்டோம்.

அந்த அட்டையை வாங்கிப் புரட்டினேன். குடும்பத் தலைவர் என்று கணவர் பெயர். உள்ளே வேலை செய்த நாட்கள் எல்லாம் மனைவி கணக்கில். நூறு நாள் என்பது ஆளுக்கு அல்ல, வீட்டுக்கு. அதுவும் எந்த வருடமும் நிறைந்திருக்கவில்லை. அவர்கள் போட்ட ஆவணமே எங்களுக்குச் சாட்சி ஆனது.

"மல்லாட்டை ஆயவும் போறீங்க இல்ல?" என்று குறுக்கு விசாரணையில் கேட்டார் எதிர்த்தரப்பு வக்கீல்.

"போறேங்கய்யா. சீசன் முடிஞ்சா அதுவும் இல்ல. ரேஷன் அரிசியிலதான் மூணு பேரும் கஞ்சி குடிக்கிறோம். பெரியவனுக்கு நோட்டு வாங்கவே வட்டிக்குக் கடன் வாங்கினேன்."

ஏதோ கொஞ்சம் சம்பாதிக்கிறாள் என்பதற்காக மனைவிக்கு ஜீவனாம்சத்தை மறுக்க முடியாது என்று சதுர்புஜ் – சீதா பாய் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அதைக் காட்டி வாதாடினேன். மூவருக்கும் சேர்த்து, மனு போட்ட நாளிலிருந்து கணக்கிட்டுத் தர உத்தரவானது.

உத்தரவு வந்தும் பணம் வரவில்லை. இத்தகைய வழக்குகளில் பெண்கள் சோர்ந்து போவது இந்த இடத்தில்தான். ஒருநாள் கூலியை விட்டு, பஸ் ஏறி வந்து, வாய்தா தேதி மட்டும் வாங்கிக்கொண்டு திரும்பினால் எத்தனை முறை வருவார்கள்? இவர் விடவில்லை. பாக்கிக்கு மனு போட்டு வாரண்டு பிறந்த பிறகே கணவர் பணம் கட்டினார். கட்டாதவரைச் சிறைக்கு அனுப்பினாலும் பாக்கி தீராது என்பதும் உச்ச நீதிமன்றத் தீர்ப்புதான்.

அந்த 125ஆம் பிரிவு இப்போது பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதாவில் 144. பாக்கி சேர்ந்தால் ஓராண்டுக்குள் மனு போட்டுவிடுங்கள். வக்கீல் பீஸுக்கு வழியில்லையே என்று தயங்க வேண்டாம். வருமானம் எவ்வளவானாலும் பெண்களுக்கு இலவச சட்ட உதவி உண்டு. வட்ட சட்டப் பணிகள் குழுவில் கேளுங்கள்.